கட்டப்பட்ட கையும் முறிந்த மணிக்கட்டும்: ஓர் அறுவைச்சிகிச்சை வார்டில் செவிலியர் தாக்கப்பட்டது குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் வார்டு தனியொரு மருத்துவமனைக்கு உரியதன்று. செவிலியர் நிர்வாகத்தில் இருந்த காலத்தில் உள் விசாரணைகளில் திரும்பத் திரும்பக் கண்ட கூறுகளை, எவருடைய அடையாளமும் வெளிப்படாதவாறு ஒரே நிகழ்வாகத் தொகுத்திருக்கிறேன். நேரங்களை மணி, நிமிடக் கணக்கில் தருவதற்குக் காரணம் உண்டு. தாக்குதல் நடந்த மாலை 7:50 மணியை மட்டும் பார்த்தால், கோபக்கார மகன் ஒருவரும் அவரிடம் அகப்பட்டுக்கொண்ட செவிலியர் ஒருவருமே தெரிவார்கள். முந்தின நாள் பிற்பகல் 3 மணியிலிருந்து பார்க்கத் தொடங்கினால், ஏறத்தாழ 29 மணி நேரமாக அந்த வார்டே அத்தாக்குதலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது புலப்படும்.

முதல் இரவு

நோயாளி 72 வயது ஆண். இடுப்பு மூட்டருகே எலும்பு முறிந்து, அறுவைச்சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள். பிற்பகல் 3 மணிக்கு அவருடைய சிறுநீர்க் கேத்தடர், அதாவது சிறுநீரை வடிக்கும் குழாய், எடுக்கப்பட்டது. அதன் பிறகு தானாகச் சிறுநீர் கழித்தாரா என்பதைக் குறிக்கும் கட்டம் குறிப்பேட்டில் வெறுமையாகவே இருந்தது. இரவு 9 மணிக்குப் பணி மாறியபோது, கேத்தடர் எடுத்தாயிற்று என்று சொல்லப்பட்டது. கழித்தாரா என்று கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

11 மணியளவில் அவர் படுக்கை விரிப்பைச் சுருட்டிச் சுருட்டி இழுக்கத் தொடங்கினார். தாம் வீட்டில் இருப்பதாக எண்ணி, வாசற்கதவைத் திறக்கும்படி சத்தமிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டு முனகினார். 30 படுக்கைகளுக்கு அன்றிரவு இரண்டு செவிலியர். 1:40 மணிக்கு நோயாளி தம் கையிலிருந்த வென்ஃப்ளானை, அதாவது நரம்பில் மருந்தேற்றும் ஊசிக்குழாயை, பிடுங்க முயன்றார். செவிலியர் குனிந்து கையைப் பிடித்தார். நோயாளியின் முழங்கை அவருடைய தாடையில் மோதி, உதட்டின் உட்புறம் பல் பட்டுக் கிழிந்தது. வாயைக் கொப்பளித்து, பஞ்சை அடக்கிக்கொண்டு, அடுத்த படுக்கைக்குப் போட வேண்டிய ஊசியை எடுக்கப் போய்விட்டார். குறிப்பேட்டில் அவர் எழுதியது மூன்றே வாக்கியங்கள்: ‘நோயாளி அமைதியின்றி இருக்கிறார். ஒத்துழைக்கவில்லை. ட்யூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது.’ தாம் அடிபட்டதை அவர் எழுதவில்லை.

ட்யூட்டி டாக்டர் வேறொரு மாடியில் இருந்தார். தொலைபேசியிலேயே அமைதிப்படுத்தும் ஊசி ஒன்றைச் சொன்னார். கைகளைக் கட்டி வைக்கவும் சொன்னார். இரு மணிக்கட்டுகளும் துணிப்பட்டையால் கட்டில் சட்டத்தோடு பிணைக்கப்பட்டன.

காலை 7:15 மணிக்குப் பணியேற்ற செவிலியர், போர்வையை விலக்கியபோது அடிவயிறு உருண்டு திரண்டிருப்பதைக் கண்டார். கேத்தடரை மீண்டும் போட்டதும் 900 மில்லி சிறுநீர் வெளியேறியது. நோயாளி அயர்ந்து தூங்கினார். முற்பகலில் விழித்தபோது தாம் எங்கே இருக்கிறோம், அன்று என்ன கிழமை என்பதைத் தெளிவாகச் சொன்னார். கட்டுகள் அவிழ்க்கப்பட்டன. முதியவரின் தோல் மெலிந்தது. அறுவைச்சிகிச்சைக்குப் பின் ரத்தம் உறையாதிருக்கும் மருந்தும் போய்க்கொண்டிருந்தது. ஆகவே மணிக்கட்டுகளைச் சுற்றி ஊதா நிறத்தில் வளையம் போலக் கன்றிப்போயிருந்தது.

மறுநாள் மாலை

மாலைச் செவிலியர் 2 மணிக்குப் பணியேற்றார். அவருக்குக் கிடைத்த தகவல், 12ஆம் படுக்கை முந்தின இரவு கொஞ்சம் அமைதியில்லாமல் இருந்தது, இப்போது பரவாயில்லை என்பதுதான். இரண்டு பணி மாற்றங்களுக்குள் அடியும் கட்டும் 900 மில்லியும் அந்த ‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

6 மணிக்குப் பார்வையாளர் நேரம். 6:10க்கு மகன் வந்து, “சிஸ்டர், எங்க அப்பா கையில என்ன இது?” என்று கேட்டார். செவிலியருக்கு உண்மையிலேயே தெரியாது. டாக்டர் வந்து சொல்வார் என்றார். டாக்டர் அறுவை அரங்கில் இருந்தார். 6:40க்கு இரண்டாம் முறை, 7:15க்கு மூன்றாம் முறை அதே கேள்வி, அதே பதில். இடையில் பக்கத்துக் கட்டில் நோயாளியின் உறவினர், ராத்திரி முழுக்கக் கத்தினார், அதனால் கட்டிப் போட்டார்கள் என்று மகனிடம் சொல்லிவிட்டார். அதன் பிறகு மகன் நடைக்கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். நர்சிங் ஸ்டேஷனையே உற்றுப் பார்த்தார். யாரிடமும் பேசாமல் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டார். இவற்றைப் பார்த்ததாகப் பின்னர் நான்கு பேர் சொன்னார்கள். நால்வருமே, ஏதோ நடக்கப்போகிறது என்று தோன்றியது என்றார்கள். எவரும் எவரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்தத் தோற்றத்தைச் சொல்வதற்கு வார்டில் ஒரு வழியோ வார்த்தையோ இருக்கவில்லை.

7:50க்கு மகன் ஸ்டேஷனுக்குள் நுழைந்து தந்தையின் ஃபைலைக் கேட்டார். ஃபைலைக் கொடுக்க முடியாது என்று செவிலியர் சொன்னார். ஸ்டேஷனுக்கு ஒரே வழி. அதில் மகன் நின்றார். செவிலியருக்குப் பின்னால் மருந்து அலமாரி. ஃபைலைப் பறிக்கும் இழுபறியில் அவருடைய கை, செவிலியரின் கழுத்திலிருந்த அடையாள அட்டைப் பட்டையைப் பற்றியது. பட்டை அறுபடாத வகை. அதைப் பிடித்து இழுத்துத் தள்ளியதில் செவிலியர் கையை ஊன்றி விழுந்தார்; வலது மணிக்கட்டு முறிந்தது. எச்சரிக்கைப் பொத்தான் மேசைக்கடியில் இருந்தது. அதன் முன்னால் கையுறைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. காவலர் 9 நிமிடம் கழித்து வந்தார்: மாற்றாள் வராமல் வாசலை விட்டு நகரக் கூடாது என்பது அவருக்கு இடப்பட்டிருந்த உத்தரவு.

முதல் விசாரணை என்ன சொன்னது

இரண்டு பக்க அறிக்கை. பரிந்துரைகள் மூன்று. மாலைச் செவிலியருக்குத் தகவல்தொடர்புப் பயிற்சி அளிக்க வேண்டும். பணியாளரைத் தாக்குவது தண்டனைக்குரியது என்ற பலகையைப் பெரிய எழுத்தில் மாட்ட வேண்டும். பாதுகாப்புக் கருதி அவரைப் புறநோயாளர் பிரிவுக்கு மாற்ற வேண்டும். நிகழ்வுப் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி, ‘இதைத் தவிர்க்க நீங்கள் என்ன செய்திருக்கலாம்?’ என்பது. வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் அவர் இடது கையால், கோணல் எழுத்தில், ஒரே சொல்லை எழுதியிருந்தார்: ‘தெரியவில்லை’.

அந்தப் படிவம் மேசைக்கு வந்த பிறகுதான் இரண்டாம் ஆய்வு வேண்டும் என்று கேட்டோம். முதல் அறிக்கை தவறான தகவல் எதையும் சொல்லவில்லை. ஆனால் அது தேடிய இடம் முழுவதும் அடிபட்டவரின் நடத்தைக்குள்ளேயே இருந்தது. பயிற்சியைப் பொறுத்தவரை, சுகாதாரப் பணியாளர்கள் மீதான வன்முறையைக் குறைக்கும் கல்வி, பயிற்சித் திட்டங்களைத் தொகுத்து மதிப்பிட்ட 2020ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்பின் வெளியீடு), அவற்றால் பணியாளரின் அறிவும் மனப்பாங்கும் சிறிது காலத்துக்கு மேம்படலாம், ஆனால் வன்முறை நிகழ்வுகளின் எண்ணிக்கை குறைவதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கே வந்தது. பயிற்சி வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. பயிற்சி மட்டுமே தடுப்புத் திட்டமாக இருக்கும் மருத்துவமனை, தன் பொறுப்பைச் செவிலியரின் நாக்கில் கட்டித் தொங்கவிடுகிறது என்றே நான் சொல்வேன். இந்த நிகழ்வில் மாலைச் செவிலியர் எவ்வளவு இனிமையாகப் பேசியிருந்தாலும், சொல்வதற்கு அவரிடம் செய்தியே இருக்கவில்லை.

எழுதப்படாத முதல் அடி

இரண்டாம் ஆய்வில் நாங்கள் அதிக நேரம் செலவிட்டது மாலைத் தாக்குதலில் அல்ல, இரவு 1:40இல். இரவுச் செவிலியரிடம் ஏன் எழுதவில்லை என்று கேட்டபோது, “அவர் தெரிஞ்சா அடிச்சார்? பாவம், வயசானவர். அவர் மேல புகார் எழுதச் சொல்றீங்களா?” என்றார். எந்த மருத்துவமனையில் கேட்டாலும் ஏறத்தாழ இதே பதில்தான் வரும். நிகழ்வுப் படிவத்தை எல்லோரும் புகார்ப் படிவமாகவே பார்க்கிறார்கள். புகார் என்றால் குற்றவாளி வேண்டும். சித்தம் தடுமாறிய முதியவர் குற்றவாளி ஆக மாட்டார். ஆகவே நிகழ்வே இல்லை என்றாகிவிடுகிறது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவர் தரையின் மீது புகார் எழுதுவதாக நினைப்பதில்லை. ஆபத்தைப் பதிவு செய்வது வேறு, குற்றம் சாட்டுவது வேறு என்ற பிரிவு வன்முறை விஷயத்தில் மட்டும் மங்கிவிடுகிறது.

பதிவாகாதவை எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு உண்டு. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனைத் தொகுதியில் ஜூடித் ஆர்னெட்ஸும் அவருடைய குழுவினரும் பணியாளர்களிடம் கேட்டறிந்ததை, அம்மருத்துவமனைகளின் மின்னணுப் பதிவோடு ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டார்கள். முந்தைய ஓராண்டில் வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்னவர்களில் 88 சதவீதத்தினர் எந்த நிகழ்வையும் பதிவு செய்திருக்கவில்லை. சுகாதாரப் பணியாளர்கள் மீது நோயாளிகளும் பார்வையாளர்களும் நிகழ்த்தும் வன்முறை பற்றிய 253 ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு ஒன்று, ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு வகை வன்முறையைச் சந்தித்தவர்கள் 61.9 சதவீதம் என்றும், உடல்ரீதியான தாக்குதலுக்கு உள்ளானவர்கள் 24.4 சதவீதம் என்றும் கணித்தது. இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால், எங்கள் வார்டில் ஒன்றுமே நடப்பதில்லை என்று பதிவேட்டைக் காட்டும் மேலாளருக்கு என்ன பதில் சொல்வது என்பது விளங்கும்.

முதல் அடி எழுதப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற சொல், நோயாளியின் குணத்தைப் பற்றிய தீர்ப்பாகப் படிக்கப்படுகிறது. ‘1:40க்கு முழங்கையால் அடித்தார், அதற்கு முன் இரண்டரை மணி நேரமாகக் குழப்பம்’ என்று எழுதியிருந்தால், அது ஓர் உடல்நலக் குறியாகப் படிக்கப்பட்டிருக்கும். அறுவைச்சிகிச்சைக்குப் பின் முதியவர்களுக்குத் திடீரென வரும் மனக்குழப்பத்துக்கு, அதாவது டெலிரியத்துக்கு, சிறுநீர்த் தேக்கம், வலி, ஆக்ஸிஜன் குறைவு, தொற்று, ரத்தச் சர்க்கரை மாற்றம், சில மருந்துகள் எனத் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய காரணங்கள் பெரும்பாலும் இருக்கும். நிரம்பித் தெறிக்கும் சிறுநீர்ப்பையோடு படுத்திருப்பவரைக் கட்டிப்போடுவது, வலியால் துடிப்பவரை அசையாதே என்பதற்குச் சமம். இந்த நிகழ்வில் தாக்குதல் தடுப்பும் நல்ல செவிலியப் பராமரிப்பும் ஒரே செயல்தான்: அடிவயிற்றில் கை வைத்துப் பார்ப்பது.

அறிகுறிக்கு ஒரு பெயர்

நான்கு பேர் பார்த்தும் சொல்ல முடியாத அந்த முன்னுணர்வுக்குத் திரும்புவோம். நார்வேயில் மனநலப் பிரிவுகளுக்காக உருவாக்கப்பட்ட புரோசெட் வன்முறைப் பட்டியல் ஆறு குறிகளைக் கேட்கிறது: குழப்பம், எரிச்சல், கூச்சலும் ஆரவாரமுமான நடத்தை, வாய்மொழி மிரட்டல், உடல்ரீதியான மிரட்டல், பொருள்களைத் தாக்குதல். ஒவ்வொன்றும் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் என்றால், அடுத்த 24 மணி நேரத்தில் வன்முறை நிகழும் அபாயம் அதிகம். உடனே திட்டமிட வேண்டும். எங்கள் நோயாளியின் 11 மணி நிலைமையைப் பின்னோக்கி மதிப்பிட்டபோது குழப்பம், எரிச்சல், கூச்சல் என 3 வந்தது. அடி விழுந்தது அதற்குப் பின் இரண்டு மணி 40 நிமிடம் கழித்து. மனநலப் பிரிவுக்கு உருவான கருவியை அறுவைச்சிகிச்சை வார்டில் எண்ணுக்கு எண் நம்பிவிடக் கூடாது. ஆனால் ‘கொஞ்சம் அமைதியில்லை’ என்பதற்குப் பதிலாகப் பணி மாற்றத்தில் ‘புரோசெட் 3’ என்று சொன்னால், கேட்பவர் அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். கருவியின் முதல் பயன் அதுவே.

உறவினர்களுக்கு வேறு பட்டியல் பொருந்துகிறது. ஆஸ்திரேலியாவில் ஓர் அவசரப் பிரிவில் செவிலியர்களின் பணியைக் கூடவே இருந்து கவனித்த ஆய்வாளர்கள், 2007இல் ஐந்து குறிகளைத் தொகுத்தார்கள்: வெறித்துப் பார்த்தல், குரலின் தொனியும் உரப்பும் மாறுதல், பதற்றம், முணுமுணுத்தல், அங்குமிங்கும் நடத்தல். மகனிடம் ஐந்தில் குறைந்தது மூன்று 7:15 மணிக்கு முன்பே வெளிப்பட்டிருந்தன. இவை மருத்துவக் குறிகளைப் போலவே சொல்லப்பட வேண்டியவை. காய்ச்சல் 102 என்று தயங்காமல் சொல்லும் நாம், ‘12ஆம் படுக்கையின் மகன் அரை மணி நேரமாக நடந்துகொண்டே இருக்கிறார், ஸ்டேஷனையே பார்க்கிறார்’ என்று சொல்வதற்குக் கூச்சப்படுகிறோம். புறம் பேசுவது போலத் தோன்றுகிறது.

எச்சரிக்கை ஒன்றும் இங்கே தேவை. குறிகளைக் கவனிப்பது எளிதில் ஆளைக் குறி வைப்பதாக மாறிவிடும். உரத்துப் பேசுவதே இயல்பான ஒருவரையும், ஏழ்மையான உடையில் வருபவரையும், மொழி தெரியாதவரையும் அபாயப் பட்டியலில் சேர்க்கும் பழக்கம் எந்த நிறுவனத்துக்கும் வந்துவிடலாம். ஃபைலில் ‘வன்முறையாளர்’ என்று ஒருமுறை ஒட்டப்பட்ட சீட்டு, ஆண்டுக்கணக்கில் ஒட்டியே இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே எங்கள் வார்டில் நபரைக் குறிக்கும் சொல்லுக்கு இடமில்லை என்று தீர்மானித்தோம். கண்ட நடத்தை, கண்ட நேரம், செய்த உதவி ஆகிய மூன்றையும் மட்டுமே எழுதலாம். 72 மணி நேரத்தில் மறுபரிசீலனை செய்யாவிட்டால் குறிப்பு காலாவதியாகும்.

நேரம் சொல்லாத காத்திருப்பு

மகன் காத்திருந்தது 100 நிமிடம். அதைவிடக் கூடுதலாகக் காத்திருந்தவர்கள் அமைதியாகத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அவரைக் கொதிக்க வைத்தது, எவ்வளவு நேரம் என்று எவரும் சொல்லாததும், கேட்ட கேள்வியைக் கேட்டதாகக்கூட யாரும் ஏற்காததும்தான். பிரிட்டனில் வடிவமைப்புக் கவுன்சில், அவசரப் பிரிவுகளில் நிகழும் வன்முறையைக் குறைக்க 2011இல் முன்வைத்த தீர்வுகளில் முதன்மையானது காவலரோ கண்காணிப்புக் கேமராவோ அல்ல. நோயாளி இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறார், அடுத்து என்ன நடக்கும், ஏன் தாமதம் என்பதை விளக்கும் தகவல் பலகைகள். அவற்றை நிறுவிய இரண்டு மருத்துவமனைகளில் அச்சுறுத்தும் உடல்மொழியும் ஆக்ரோஷ நடத்தையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக மதிப்பீடு சொன்னது. நம் முதல் விசாரணை பரிந்துரைத்த பலகையோ, காத்திருப்பவரிடம் அவர் குற்றம் செய்யக்கூடியவர் என்று மட்டுமே சொல்கிறது. சட்டத்தை நினைவூட்டும் பலகை இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது ஒன்றே சுவரில் இருக்கும் வார்டை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

நாங்கள் செய்த மாற்றம் இரண்டு பகுதி கொண்டது. முதலாவது: கைகளைக் கட்டினாலோ, கேத்தடரை மீண்டும் போட்டாலோ, நோயாளி விழுந்தாலோ, குடும்பத்தார் பார்த்துக் கேட்பதற்கு முன்பே அவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வது அன்றைய காலைப் பணி மருத்துவரின் கடமை, சொன்ன நேரம் ஃபைலில் எழுதப்பட வேண்டும். இரண்டாவது: ‘டாக்டர் வந்து சொல்வார்’ என்ற வாக்கியம் தனியாகச் சொல்லப்படக் கூடாது. டாக்டர் எங்கே இருக்கிறார், எப்போது வருவார், அதற்குள் முடியாவிட்டால் யார் பேசுவார் என்பதும் அதோடு சேர வேண்டும். இதைச் சொல்வதற்குச் செவிலியருக்கு அறுவை அரங்கிலிருந்து பதில் கிடைக்க வேண்டும். எனவே அரங்கின் ஒருங்கிணைப்பாளர், வார்டு கேட்ட 10 நிமிடத்துக்குள் உத்தேச நேரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று விதி எழுதினோம். மாற்றங்களில் மிகக் கடுமையான எதிர்ப்பு வந்தது இந்த விதிக்குத்தான், அதுவும் மருத்துவர்களிடமிருந்து.

இடமும் பொருளும்

இந்தப் பகுதியை விரைவாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் செய்ய வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவை. செய்யப்படாமல் இருப்பதுதான் வியப்பு. ஸ்டேஷனுக்கு இரண்டாவது வழி திறக்கப்பட்டது. மருந்து அலமாரியைப் பக்கவாட்டுக்கு நகர்த்தியதால், அதன் முன் நிற்பவரின் முதுகு வாசலைப் பார்க்காது. அடையாள அட்டைப் பட்டைகள் இழுத்தால் கழன்றுவிடும் கொக்கியுள்ளவையாக மாற்றப்பட்டன. மேசைக்கடியில் இருந்த பொத்தானுக்குப் பதில் உடலில் அணியும் அழைப்புக் கருவி தரப்பட்டது. ஒவ்வொரு பணி மாற்றத்திலும் அதை ஒருமுறை அழுத்திச் சோதிக்க வேண்டும். காவலரின் உத்தரவு மாற்றப்பட்டது: வார்டிலிருந்து அழைப்பு வந்தால் வாசலைப் பூட்டிவிட்டு உடனே வர வேண்டும். அறிவிப்பின்றி நடத்திய முதல் ஒத்திகையில், லிஃப்ட் மேல்மாடியில் நின்றதால் மீண்டும் தாமதமானது; அடுத்த ஒத்திகை முதல் அவர் படிக்கட்டில் ஓடி வந்தார்.

பிரிவுவாரிக் கணக்கு

மேற்சொன்னவை எல்லாம் ஒரு நிகழ்வுக்குப் பின் செய்தவை. அடுத்த நிகழ்வு வேறு வடிவில் வரும். ஆகவே அந்த வார்டின் சொந்தக் கணக்கு தொடர்ந்து வேண்டும். ஆர்னெட்ஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நம்பிக்கை தருவது. ஏழு மருத்துவமனைகளின் 41 பிரிவுகளைச் சீட்டெடுப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரிடம் மட்டும் அவரவர் பிரிவின் வன்முறைத் தரவுகளைக் கொடுத்து, அவர்களே தங்கள் இடத்துக்கான செயல்திட்டத்தை வகுக்கும்படி செய்தார்கள். ஆறு மாத முடிவில் வன்முறை நிகழ்வுகளும், இரண்டாண்டு முடிவில் அவற்றால் ஏற்பட்ட காயங்களும், தரவு பெறாத பிரிவுகளைவிடக் குறைவாக இருந்தன. கலிஃபோர்னியாவில் 2017 முதல் நடைமுறைக்கு வந்த விதியும், ஒவ்வொரு நிகழ்வையும் பதிவேட்டில் எழுதவும் ஒவ்வொரு பிரிவின் அபாயங்களையும் தனித்தனியே மதிப்பிடவும் மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. அத்திட்டத்தை உருவாக்குவதில் பணியாளர்களுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை.

எங்கள் பக்கம் செய்தது மிக எளியது. நான்கு பக்கப் படிவத்தை எடுத்துவிட்டு, உள்ளங்கை அளவுச் சீட்டை ஸ்டேஷனில் வைத்தோம்: நேரம், இடம், என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. பெயர் தேவையில்லை. ஒன்பதாம் கேள்வியின் இடத்தில், ‘இது நடக்காதிருக்க வார்டில் என்ன இருந்திருக்க வேண்டும்?’ என்று அச்சிட்டோம். கேள்வி திரும்பியதும் பதில்களும் திரும்பின. ‘தெரியவில்லை’ என்று எழுதியவர்கள், ‘இரவில் ஒரு நாற்காலி போதும், உடனிருப்பவரைத் தங்க விடுங்கள்’ என்றும், ‘உட்கார இடமில்லாமல் எல்லோரும் ஸ்டேஷன் எதிரேயே நிற்கிறார்கள்’ என்றும் எழுதினார்கள். டெலிரியம் வந்த முதியவருக்குத் தெரிந்த முகம் ஒன்று அருகில் இருப்பதே பெரிய மருந்து என்பதை இரவுச் செவிலியர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். கேட்பார் இல்லாததால் சொல்லவில்லை.

விலகும் உரிமை

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2019 ஜூனில் ஏற்கப்பட்டு, 2021 ஜூன் 25 முதல் நடைமுறையில் உள்ளது. வேலையிடத்தில் வன்முறையும் துன்புறுத்தலும் அற்ற சூழலுக்கு எவருக்கும் உரிமை உண்டு என்பதோடு, வெளியாட்களால் வரும் வன்முறையையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் பணியாளர், பழிவாங்கலுக்கு அஞ்சாமல் அந்தச் சூழ்நிலையிலிருந்து விலகலாம் என்றும், விலகியதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதன் பத்தாம் விதி சொல்கிறது.

இந்த உரிமையை வார்டில் வைத்துப் பார்த்தால் சிக்கல் தெரியும். 30 நோயாளிகளை விட்டுவிட்டுச் செவிலியர் எங்கே விலகுவார்? விசாரணையில் மாலைச் செவிலியரிடம் இதைக் கேட்டோம். ஓடியிருக்கலாம் என்று தோன்றவே இல்லை, 14ஆம் படுக்கைக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது என்றார். எனவே உரிமையை எழுத்தில் தருவது போதாது. விலகுபவரின் இடத்தில் யார் நிற்பார் என்பதையும் முன்கூட்டியே எழுத வேண்டும். பக்கத்து வார்டின் மூத்த செவிலியர் அழைப்புக் கேட்டவுடன் இந்த வார்டின் நோயாளிகளைப் பொறுப்பேற்பார் என்று ஏற்பாடு செய்தோம். இரவில் பக்கத்து வார்டிலும் இருவர்தான். இந்த ஓட்டையை எங்களால் அடைக்க முடியவில்லை. இரவுப் பணிக்கு மூன்றாவது செவிலியர் வேண்டும் என்ற பரிந்துரை, இதை எழுதும்வரை நிதிக் குழுவின் முன் இருக்கிறது.

நிகழ்வுக்குப் பின்

அடிபட்ட இரவுச் செவிலியர் காலை 7 மணி வரை பணியாற்றினார். மாலைச் செவிலியரோ எலும்பு முறிவுப் பிரிவில் தம் முறைக்காக வரிசையில் காத்திருந்தார். காவல்துறைக்குப் புகாரைத் தாமே எழுதி, தம் பெயரில் கொடுத்தார். இரண்டும் இப்போது மாற்றப்பட்டுள்ளன. காயம் சிறியதாயினும் அந்தப் பணி நேரத்தின் மீதிப் பகுதியிலிருந்து விடுவிப்பு உண்டு. புகாரை நிறுவனமே தன் பெயரில் கொடுக்கும். செவிலியர் சாட்சி மட்டுமே. மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் ஒருவர் அவரை அழைத்துப் பேச வேண்டும். அப்படிப் பேசுபவர் அவருடைய மேலதிகாரியாக இருக்கக் கூடாது என்று செவிலியர்கள் கேட்டார்கள், ஏற்றுக்கொண்டோம்.

இடமாற்றம் பற்றி ஒரு சொல். பாதுகாப்புக் கருதி என்று சொல்லப்பட்டாலும், அடிபட்டவரை வேறு பிரிவுக்கு அனுப்புவதை வார்டில் உள்ள ஒவ்வொருவரும் தண்டனையாகவே படிக்கிறார்கள். அடுத்த முறை அடிபடுபவர் ஏன் வாயை மூடிக்கொள்கிறார் என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் வேண்டியதில்லை. மாலைச் செவிலியரின் மாற்றல் உத்தரவு ரத்து செய்யப்பட்டது. ஏழு வாரம் கழித்து அவர் அதே வார்டுக்குத் திரும்பினார்.

ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. தந்தை இன்னும் எங்கள் நோயாளி. மகன் மீது வழக்கு நடக்கிறது. ஆனால் எக்ஸ்ரே பரிசோதனைக்குத் தந்தையை அழைத்து வர அவரைத் தவிர வேறு ஆளில்லை. நடத்தை பற்றிய எழுத்துப்பூர்வ உடன்பாட்டில் மகன் கையெழுத்திட்டார். பரிசோதனை நேரத்தைக் கூட்டமில்லாத முற்பகலில் வைத்தோம். காவலர் ஒருவர் உடனிருக்க ஏற்பாடாயிற்று. அந்தத் தேதியை மாலைச் செவிலியருக்கு முன்கூட்டியே சொல்லி, அன்று அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். விடுப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்து, மாற்றாளைக்கூடப் பேசி வைத்திருந்தோம். அவர் கேட்டது வேறு: அன்று காலைப் பணியைத் தமக்கே போட வேண்டும், தம்மை வேறு மாடிக்கு அனுப்பக் கூடாது.